முட்டுக்கட்டைக்கு யார் கூலி கொடுப்பது?

‘ஜெர்மினால்’ நாவலும் ‘காலா பத்தர்’ படமும்

எமில் ஸோலாவின் ‘ஜெர்மினால்’ நாவலை நான் வாசித்தது ஒரு விபத்து அறிக்கையை எழுதி முடித்த வாரத்தில். விபத்து என்றுகூடச் சொல்ல முடியாது. யாருக்கும் அடிபடவில்லை. வடிகால் குழாய் பதிக்க வெட்டியிருந்த குழியின் ஒரு பக்கம், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்தது. ஆட்கள் அப்போதுதான் டீ குடிக்க மேலே ஏறியிருந்தார்கள். எங்கள் துறையில் இதற்கு ‘நியர் மிஸ்’ என்று பெயர். படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது இதுதான்: பக்கத் தடுப்பு போடும் முன்பே தொழிலாளர்கள் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். அது பொய் இல்லை. ஆனால் அன்று காலை குழியில் இறங்குவதற்கான அனுமதிச்சீட்டில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதை அந்தக் கட்டத்தில் எழுதவில்லை.

அந்த வாரம் முழுக்க, காலை ஆறு மணி ரயிலில் பூன் லேயில் ஏறி உட்கார்ந்ததும் நாவலைத் திறந்துவிடுவேன். 1885இல் வந்த நாவல். வடக்கு பிரான்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில், 1860களில் நடக்கும் கதை. இதை எழுதுவதற்காக ஸோலா 1884இல் அன்ஸான் என்ற ஊருக்குப் போனார். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நேரம் அது. சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். நாவலில், வேலை தேடி வரும் எத்தியேன் என்ற இளைஞன், லெ வோரோ என்னும் சுரங்கத்தில் மயூ என்பவரின் குழுவில் சேர்கிறான். கூலிக்குறைப்பு, வேலைநிறுத்தம், பட்டினி, துப்பாக்கிச்சூடு, கடைசியில் சுரங்கமே நீரில் மூழ்குவது என்று கதை போகும். ‘வர்க்கப் போராட்ட நாவல்’ என்று கேள்விப்பட்டுத்தான் நானும் எடுத்தேன். எத்தியேனோடு சேர்ந்து கோபப்படத் தயாராக இருந்தேன். ஆனால் முதல் பாகத்திலேயே வேறு ஒருவன் வந்து எதிரில் நின்றான். பெயர் நெக்ரெல். இருபதுகளில் இருப்பவன். அந்தச் சுரங்கத்தின் இன்ஜினியர்.

நெக்ரெல் தலைமை மேஸ்திரியோடு கரி வெட்டும் இடத்துக்கு வருகிறான். கூரையைத் தாங்க நிறுத்தியிருக்கும் மரக்கட்டைகளைச் சோதிக்கிறான். கட்டைகள் போதவில்லை, இருப்பதும் சரியாக இறுக்கப்படவில்லை. கோபம் வருகிறது. மாலைக்குள் இரண்டு வண்டி கூடுதலாக நிரப்புவதற்காக உயிரையே விடுவீர்கள், நீங்கள் நசுங்கிச் செத்தால் உங்கள் பெண்டாட்டிக்கு உதவித்தொகை கொடுக்கப்போவது கம்பெனிதானே என்கிறான். மூன்று ஃபிராங்க் அபராதமும் போடுகிறான். அதற்கு மயூ சொல்லும் பதில் மிகச் சின்னது. போதுமான கூலி கொடுத்தால் நாங்களும் நல்லபடியாகக் கட்டை வைப்போம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நெக்ரெல் சொன்னதில் தொழில்நுட்பரீதியாக ஒரு பிழையும் இல்லை. கட்டை போதாதுதான், கூரை இறங்கத்தான் போகிறது. அவன் கோழையும் இல்லை. ஆபத்தான இடத்துக்குத் தானே முதலில் இறங்குகிறவன். அவனுடைய அக்கறைகூட உண்மையானதுதான். நான் எழுதிய படிவமும் அப்படித்தான் இருந்தது.

ஆரம்பகாலச் சுரங்கம் என்றதும் நமக்கு வெடிப்புதான் நினைவுக்கு வரும். மீத்தேன் வாயு, தீப்பொறி, ஒரே நொடியில் நூறு பேர். செய்தித்தாளிலும் அதுதான் இடம்பிடிக்கும். ஆனால் வருஷக் கணக்கில் கூட்டிப் பார்த்தால், பிரிட்டனில் வெடிப்பைவிட அதிகம் பேரைக் கொன்றது கூரைச் சரிவுதான். இன்று ஒருவர், அடுத்த வாரம் இருவர் என்று போகும் சாவு. ஊருக்குள் அழுகை கேட்கும், தலைநகரத்துக்குக் கேட்காது.

கூரை ஏன் சரிகிறது என்பதற்கு இன்ஜினியரிங் பதில் எளிது. பல நூறு அடி பாறை மேலே அழுத்திக்கொண்டிருக்கிறது. கீழே இருந்த கரியை வெட்டி எடுத்துவிட்டோம். அந்த வெற்றிடத்துக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் பாறை இறங்கும். ஆனால் முட்டு ஏன் கொடுக்கப்படவில்லை என்பதற்கு இன்ஜினியரிங்கில் பதில் கிடைக்காது, கூலிச்சீட்டில்தான் தேட வேண்டும். கூலி வண்டிக் கணக்கில். கரி நிரம்பிய ஒரு வண்டிக்கு இவ்வளவு என்று. கட்டை அறுப்பது, நிறுத்துவது, ஆப்பு அடித்து இறுக்குவது எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். ஒரு மணி நேரம் முட்டுக் கொடுத்தால், அந்த ஒரு மணி நேரமும் கரி வெட்டாத நேரம், அதாவது கூலி இல்லாத நேரம். வீட்டில் ஏழு பிள்ளைகளை வைத்திருக்கும் மயூ அந்த ஒரு மணி நேரத்தை எதில் செலவிடுவார்?

தமிழில் ‘முட்டுக்கட்டை’ என்பதற்கு இரண்டு பொருள் இருக்கிறது. சரியப்போகும் ஒன்றைத் தாங்குவதற்குக் கொடுப்பதும் அதுதான், நடக்கிற வேலையை நிறுத்துவதற்குப் போடுவதும் அதுதான். வண்டிக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு இரண்டு பொருளும் ஒரே கட்டையில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

நாவலில் அடுத்து நடப்பதுதான் ஸோலாவின் மேதைமை என்று நினைக்கிறேன். கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டுகிறது. முட்டுக் கொடுக்கும் வேலைக்கு இனிமேல் தனியாகக் கூலி தரப்படும். நல்ல செய்தி மாதிரிதானே இருக்கிறது? கூடவே, வண்டி விலை ஐம்பது சாண்டிமிலிருந்து நாற்பதாகக் குறைக்கப்படும். தொழிலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். வண்டிக்குப் பத்து சாண்டிம் போகிறது. முட்டுக்கூலியில் மிஞ்சிப்போனால் இரண்டு சாண்டிம் திரும்ப வரும். மீதி எட்டு கம்பெனிக்கு. கூலிக்குறைப்பு, பாதுகாப்பின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நாவலின் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் வெடிப்பது இந்த இடத்தில்தான். எத்தியேன் படித்த அரைகுறைச் சித்தாந்தமும் துணைக்கு வருகிறது. ஆனாலும் தீக்குச்சி இந்த எட்டு சாண்டிம்தான்.

‘ஜெர்மினால்’ பற்றிப் பேசும்போது பட்டினி ஊர்வலத்தையும் கும்பலின் வெறியையும் சொல்வார்கள். அவை பெரிய காட்சிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாவலாசிரியர் ஒரு விலைப்பட்டியலைக் கதையின் அச்சாக வைத்து, அது புரியும்படியும் செய்து, அதிலிருந்து இத்தனை பெரிய கோபத்தைக் கிளப்பியதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் டெண்டர் ஆவணங்களில் ஒரு வரி அடிக்கடி வரும்: பக்கத் தடுப்புக்கான செலவு குழி வெட்டும் விலையிலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும். மீட்டருக்கு இவ்வளவு என்று விலை பேசி எடுக்கும் துணை ஒப்பந்தக்காரர் அந்த வரியை எப்படிப் படிப்பார் என்று மயூவுக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடும்போது அதைக் கவனித்ததே இல்லை.

புதிய விலைப்பட்டியல் வந்த கொஞ்ச நாளில் கூரை சரிகிறது. மயூவின் மகன் ஜான்லின், பதினொரு வயதுப் பையன், அதில் மாட்டிக்கொள்கிறான். கூட இருந்த ஒரு தொழிலாளி செத்துவிடுகிறார். பையனுக்கு இரண்டு காலும் முறிகிறது, பிழைக்கிறான், ஆயுசுக்கும் நொண்டி. நாவலின் மற்ற பேரழிவுகளோடு ஒப்பிட்டால் இது சின்னக் காட்சி. யாரும் சதி செய்யவில்லை, யாரும் வில்லன் இல்லை. ஒரு விலை, கொஞ்சம் அவசரம், போதாத நாலு கட்டை. எனக்கு இந்த நாவலிலேயே மிக நேர்மையான காட்சி இதுதான்.

விளக்கின் கதையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1812 மே மாதம் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். அது கிளப்பிய அதிர்ச்சியில்தான் ஹம்ஃப்ரி டேவி இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை. வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் வெளியே உள்ள வாயு பற்றாது. 1815இல் கண்டுபிடித்தார். பல்கலைக்கழகத்தில் இதை ஒரு ஸ்லைடில் படித்தேன், ‘பாதுகாப்பின் மைல்கல்’ என்று. அந்த ஸ்லைடில் இல்லாத பகுதி இது. 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்கெடுத்தது. டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளில் விளக்கு வருவதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர். வந்த பிறகான 18 ஆண்டுகளில் 538. விளக்கு கெட்ட விளக்கு இல்லை. வாயு அதிகம் என்று அதுவரை விட்டுவைத்திருந்த ஆழங்களுக்கெல்லாம் அதே விளக்கைக் கையில் கொடுத்து ஆட்களை இறக்கினார்கள். கரி எடுப்பதும் கூடிவிட்டது. உயிர் காக்க வந்த கருவி, உற்பத்திக்கு அனுமதிச்சீட்டாக மாறிவிட்டது.

ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் வெளியிட்ட ‘விகன் பியர்’ நூலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கூலிச்சீட்டைப் பார்க்கலாம். பிடித்தங்களில் ஒன்று விளக்கு வாடகை. உயிர் காக்கும் விளக்குக்கு வாடகை கட்டியவர், அந்த உயிருக்குச் சொந்தக்காரர்தான். சுரங்க வாயிலிலிருந்து கரி வெட்டும் இடம்வரை குனிந்தும் தவழ்ந்தும் போகும் நேரத்துக்குக் கூலி கிடையாது என்றும் எழுதுகிறார்.

ஸோலாவுக்கும் விளக்கின் இந்த முகம் தெரிந்திருக்கிறது. நாவலின் கடைசியில், புதையுண்ட தங்கையை மீட்கத் தோண்டும் ஸகாரி, அவசரத்தில் விளக்கைத் திறந்துவிடுகிறான். வாயு வெடித்துச் சாகிறான். அன்பினால் வந்த அவசரம்தான். ஆனால் அந்த அவசரத்தைக் கையில் பழக்கியது எது? வாழ்நாள் முழுக்க வண்டிக் கணக்கில் வேலை செய்த கை அது.

இவ்வளவு தெளிவாகப் பார்த்தவர் கடைசியில் சறுக்குகிறார் என்பதே என் விமர்சனம். லெ வோரோ எப்படி மூழ்குகிறது? சுவாரின் என்னும் ரஷ்ய அராஜகவாதி இரவில் தனியாக இறங்கி, நிலத்தடி நீரைத் தடுத்து நிற்கும் கிணற்றின் மர உறையை அறுத்துவிடுகிறான். மறுநாள் நீர் உடைத்துக்கொண்டு வருகிறது. எழுத்தாக, மூச்சுமுட்ட வைக்கும் பக்கங்கள். அந்த உறை ஏற்கெனவே பழுதாகி இருந்தது, இழந்த உற்பத்தியைப் பிடிக்கும் அவசரத்தில் பழுதுபார்க்கவில்லை என்பதையும் ஸோலா சொல்லி வைத்திருக்கிறார். அப்படியானால் சுவாரின் எதற்கு? அவன் வராமலே அந்த உறை ஒருநாள் உடைந்திருக்கும். ஒரு மனிதன் ரம்பத்தோடு இறங்கியதும் நாம் எல்லோரும் அவனையே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பழுதுபார்க்காமல் தள்ளிப்போட்ட நாட்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. கிணற்றைச் சோதிக்க இறங்கும் நெக்ரெலும் ரம்பத்தின் தடத்தைத்தான் கண்டுபிடிக்கிறான். தள்ளிப்போட்டதற்கு எந்தத் தடமும் இருக்காதே.

இதே சறுக்கலை இந்திய அளவில் பார்க்க வேண்டுமானால், யஷ் சோப்ரா இயக்கி 1979இல் வந்த ‘காலா பத்தர்’. கதை, வசனம் சலீம்–ஜாவேத். அமிதாப் பச்சன் விஜய்யாக வருகிறார். ஆபத்து வந்தபோது பயணிகளை விட்டுவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கிய கேப்டன். அந்தக் குற்றவுணர்வோடு நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாளாக வந்து ஒளிந்துகொண்டவர். சசி கபூர் இன்ஜினியர். சத்ருகன் சின்ஹா தப்பியோடி வந்த கைதி. பிரேம் சோப்ரா முதலாளி. கைவிடப்பட்ட பகுதியில் நீர் தேங்கி நிற்கிறது, உடைத்துக்கொண்டு வரும் என்று இன்ஜினியர் எச்சரிக்கிறார். முதலாளி காதில் வாங்கவில்லை. நீர் வருகிறது.

படம் சும்மா சொல்லக்கூடாது, வெள்ளம் வரும் பகுதி இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. கப்பலைக் கைவிட்ட கேப்டனைச் சுரங்கத்துக்குள் கொண்டுவந்ததும் நல்ல யோசனை. பொறுப்பில் இருந்தவனின் குற்றவுணர்வு, பொதுவாக நம் படங்கள் தொடாத விஷயம். ஆனால் அதற்குப் படம் கொடுக்கும் மருந்து வீரம். விஜய் நீரில் பாய்ந்து ஆட்களைக் காப்பாற்றிப் பழைய கடனைத் தீர்த்துக்கொள்கிறார்.

படத்துக்குத் தூண்டுதலாக இருந்த உண்மை நிகழ்வு சாஸ்நாலா. தன்பாத் பக்கம் இருக்கிறது. 1975 டிசம்பர் 27. மேலே கைவிடப்பட்ட பழைய வெட்டில் தேங்கியிருந்த நீர், கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த பகுதிக்குள் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 370க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீரை இறைத்து உடல்களை எடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. அங்கே எந்த விஜய்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

முதலாளி யார் என்பதில்தான் படம் உண்மையிலிருந்து முக்கியமாக விலகுகிறது. சாஸ்நாலா சுரங்கம் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனிக்குச் சொந்தமானது. அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தை 1972இலேயே மத்திய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் நீர் உடைத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் 1958இல் சினாகுரி, 1965இல் தோரி. தோரியில் மட்டும் 268 பேர். 1901லேயே சுரங்கச் சட்டம் போட்ட நாடு இது. சாஸ்நாலா வழக்கில் தீர்ப்பு வந்தது 2012இல், 36 வருஷம் கழித்து. இரண்டு முன்னாள் அதிகாரிகளுக்கு ஓராண்டுச் சிறை. சினிமாவின் சேட்டை நாம் வெறுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கோப்புகளில் கையெழுத்துப் போட்ட இரண்டு வயோதிகர்களை என்ன செய்வது? அவர்களை எப்படி வெறுப்பது என்றுகூடத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களும் என்னை மாதிரித்தான் இருந்திருப்பார்கள்.

இதை முதலாளிகளுக்கான வக்காலத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு சாண்டிம் யார் பையில் போனது என்று ஸோலா சொல்லிவிட்டார். நான் சொல்வது, வில்லனைக் காட்டும் கதை வில்லன் போனதும் முடிந்துவிடுகிறது. விலைப்பட்டியல் அங்கேயே ஒட்டியிருக்கிறது. அடுத்து வருகிறவன் நல்லவனாக இருந்தாலும் அதை வைத்துத்தான் கூலி கொடுக்கப்போகிறான்.

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைத்தால், இல்லை. கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூரில் பத்து அராங் என்று ஓர் ஊர். 1913இல் தொடங்கிய மலாயன் கோலியரீஸ் அங்கே நிலக்கரி எடுத்தது. சீனத் தொழிலாளர்கள் அதிகம், தமிழர்களும் இருந்தார்கள். 1937இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் மலாயாவையே உலுக்கியது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. ரப்பர் தோட்டமும் சயாம் மரண ரயிலும் நம் புனைவுகளில் அழுத்தமாக இருக்கின்றன. நான் படித்தவற்றில் பத்து அராங் அந்த அளவுக்கு வந்ததில்லை. அந்த மண்ணுக்கடியில் முட்டுக் கொடுக்க யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கும் ஒரு நாவலை நான் வாசிக்க ஆசைப்படுகிறேன்.

அதைவிடப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. பூன் லேயிலிருந்து அதே ரயில் பாதையில் மேற்கே சில நிறுத்தங்கள் போனால் துவாஸ். சுரங்கத்தில் கரித்தூசு செய்வதை அங்கே உருளைக்கிழங்கு மாவு செய்தது. கரித்தூசு என்பது தரையிலும் சுவரிலும் சும்மா படிந்து கிடக்கும் வரை வெறும் அழுக்கு. எங்கோ ஒரு சின்ன வெடிப்பு காற்றைத் தள்ளினால் தூசு எழும்பும். எழும்பிய தூசு பற்றும். அந்த வெடிப்பு அடுத்த அறையின் தூசை எழுப்பும். இப்படியே மைல் கணக்கில் ஓடும். ஸோலா எழுதிய அதே வடக்கு பிரான்ஸில், அவர் இறந்து ஏறத்தாழ மூன்றரை ஆண்டு கழித்து, 1906 மார்ச் 10 அன்று கூரியேர் சுரங்கத்தில் இப்படித்தான் 1,099 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் கலவை இயந்திரம் வெடித்தது. அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவுத் தூசும் பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள், ஏழு பேர் காயம்பட்டார்கள். எல்லோரும் வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள். அந்த இயந்திரத்தில் அதற்கு முன்பே எண்ணெய் கசிந்ததும் விசாரணையில் வெளியே வந்தது.

2022இல் சிங்கப்பூரில் வேலையிடத்தில் இறந்தவர்கள் 46 பேர். அரசு கடுமையான நடவடிக்கைகள் எடுத்தது, மறுவருஷம் 36 ஆனது. குறைந்தது நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எண் குறைவதை வைத்து, விலைப்பட்டியல் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

என் குழிக்கு வருகிறேன். ஒன்றரை மீட்டருக்கு மேல் வெட்டினால் பக்கத் தடுப்பு வேண்டும் என்பது விதி, அது எனக்கு மனப்பாடம். அறிக்கை அனுப்பிய மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்தார். அறந்தாங்கிக்காரர், பதினைந்து வருஷமாக இங்கே இருக்கிறார். சைட்டில் என்னை ‘சார்’ என்பார், வெளியே பார்த்தால் ‘தம்பி’.

“சார், ஆளுங்க தடுப்பு போடாம எறங்குனது தப்புதான். நான் இல்லேங்கல. தடுப்பு போட அரை நாள் ஆகும். அந்த அரை நாள் உங்க புரோகிராம்ல எங்க இருக்கு?”

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். காலை குழி வெட்டு, மதியம் குழாய், மாலை மூடு. அரை நாள் எங்கேயும் இல்லை. அட்டவணை போட்டதும் நான்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை, அரை நாள் கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை. நெக்ரெலுக்கும் மேலே ஒருவர் உண்டு, அவர் அவனுடைய மாமா. எனக்கு அந்த உறவுகூட இல்லை. ஆனால் கேட்காததற்கு அதுவே காரணமாகிவிடாது.

‘ஜெர்மினால்’ கடைசிப் பாகத்தில் நெக்ரெல் மாறுகிறான். மீட்புப் பணியில் நாள் கணக்காகத் தூங்காமல் நிற்கிறான். எத்தியேனை உயிரோடு வெளியே எடுக்கும்போது, அதுவரை ஒருவரையொருவர் வெறுத்த அந்த இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். முதல் வாசிப்பில் எனக்கும் கண் கலங்கியது. ஸோலா இந்த அழுகையை எப்படிப் பார்க்கிறார் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மன்னிப்பாகவா, மனித இனத்தின் மேல் வைத்த நம்பிக்கையாகவா? அதற்கு அடுத்த அத்தியாயத்தில், கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மயூவின் மனைவி, மிச்சமிருக்கும் வாய்களுக்குச் சோறு போட அதே சுரங்கக் கம்பெனியில் வேலைக்கு இறங்குகிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு, அழுகையின் மதிப்பு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதை ஸோலா தெரிந்தே செய்திருக்கிறார் என்று நம்ப விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூன் லே பிளேஸ் உணவங்காடியில் அந்த அண்ணனைப் பார்த்தேன். நாசி லெமாக் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சேர்ந்து உட்கார்ந்தோம். பேச்சுவாக்கில் இந்த நாவலின் கதையைச் சொன்னேன். கட்டை, அபராதம், எட்டு சாண்டிம், எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார்.

“அந்த இன்ஜினியர் கடைசில என்ன ஆனாரு தம்பி?”

“ஆளுங்கள மீட்க ராத்திரி பகலா நின்னாரு. அந்தப் பையன வெளிய எடுத்ததும் கட்டிப் புடிச்சு அழுதாருண்ணே.”

கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அழுதது சரி. அந்த மூணு ஃபிராங்க்க திருப்பிக் குடுத்தாரா?”

நாவலில் அது இல்லை.

திங்கட்கிழமை படிவத்தைத் திரும்பத் திறந்தேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு, பக்கத் தடுப்பு போட அட்டவணையில் நேரம் ஒதுக்கப்படவில்லை என்று எழுதினேன். அட்டவணை தயாரித்தவர், அனுமதிச்சீட்டில் கையெழுத்திட்டவர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அடுத்த குழிக்கான அட்டவணையில் அரை நாள் தனி வரியாக இருக்கிறது. இது எதற்குத் தனியாக என்று கேட்டு மேலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதில் எழுத வேண்டும்.